கோளம் மறைய வேண்டும்: ரெண்டரில் ஒளிக் கணக்கு தவறும் இடங்களை அறிகுறி பார்த்துக் கண்டுபிடிப்பது

பாத் டிரேசர் (ஒளிக்கதிர்களின் பாதையைத் தொடர்ந்து படம் வரையும் நிரல்) எழுதுபவருக்கும் மெட்டீரியல் ஷேடர் (ஒரு பரப்பு ஒளியை எப்படித் திருப்புகிறது என்று கணக்கிடும் நிரல்) எழுதுபவருக்கும் ஒரே சங்கடம்: பிழை இருந்தாலும் படம் வந்துவிடும். நிரல் பாதியில் நிற்காது, எச்சரிக்கை எதுவும் வராது. கோளம் கோளமாகத்தான் தெரியும், உலோகம் ஏறக்குறைய உலோகமாகத்தான் மின்னும். ஏதோ சரியில்லை என்று கண் மட்டும் சொல்லிக்கொண்டே இருக்கும். உடனே விளக்கைக் கூட்டிக் குறைத்து, ரஃப்னஸை, அதாவது பரப்பின் சொரசொரப்பு அளவை, நகர்த்தி, பார்க்கச் சரியாகும் வரை தள்ளிப் பார்க்கிறோம். அப்படிச் செய்தால் ஒரு பிழையின் மேல் இன்னொன்றைப் பூசுகிறோம். வேறு காட்சி, வேறு விளக்கு வந்ததும் இரண்டும் சேர்ந்து வெளியே வரும்.

எனக்குப் பயன்பட்ட வழி, ஒளியை வரவு செலவாகப் பார்ப்பது. 1986-ல் ஜேம்ஸ் கஜியா எழுதிய ரெண்டரிங் சமன்பாடும் அதைத்தான் சொல்கிறது: ஒரு புள்ளியிலிருந்து வெளியேறும் ஒளி, அது தானாக உமிழ்வதும், சுற்றிலுமிருந்து வந்து விழுந்து திரும்புவதும் சேர்ந்த தொகை. திரும்புவது விழுந்ததைவிட அதிகமாக இருக்கவே முடியாது. குறைந்தால், அது எங்கே போனது என்று சொல்ல முடிய வேண்டும்.

எதையும் தொடும் முன்: சோதனைக் காட்சி

விளக்கே இல்லாத காட்சி ஒன்றை உருவாக்குங்கள். எல்லாத் திசையிலும் 0.5 என்ற ஒரே அளவு ஒளி தரும் சூழல். நடுவே ஒரு கோளம், விழும் ஒளி முழுவதையும் திருப்பி அனுப்பும் மெட்டீரியலுடன், அதாவது ஆல்பிடோ 1. இதை வெள்ளை உலை சோதனை என்பார்கள். மெட்டீரியல் சரியென்றால் கோளம் பின்னணியோடு கரைந்து காணாமல் போகும். விளிம்புகூடத் தெரியக் கூடாது. சூழலை 1 என்று வைக்காமல் 0.5 என்று வைப்பதற்குக் காரணம் உண்டு: கோளம் பின்னணியைவிடப் பிரகாசமாகிவிட்டால், 1-க்கு மேல் போன மதிப்பைத் திரை வெட்டிவிடும்; பிழை கண்ணில் படாது.

அளவைப் படிக்கும்போது திரையைப் பார்க்காதீர்கள். திரைக்காக வெளிச்சத்தை மாற்றும் டோன் மேப்பிங்கும் காமாவும் சேராத, நேரியல் ஃப்ளோட் மதிப்பைப் படியுங்கள். கீழே வரும் எண்கள் எல்லாம் அதை வைத்தே சொல்லப்படுகின்றன.

அறிகுறி: மேட் கோளம் மறையவில்லை, சீராகக் கூடுதலாகவோ குறைவாகவோ தெரிகிறது

பிழைகளில் இதுதான் நல்ல பிழை. எண்ணே காரணத்தைச் சொல்லிவிடும். கோளத்தின் மதிப்பைப் பின்னணியின் மதிப்பால் வகுத்துப் பாருங்கள்.

விடை 3.14 என்றால் லாம்பர்ட் பி.ஆர்.டி.எஃப்-ஐ (மேட் பரப்பு எந்தத் திசையில் எவ்வளவு ஒளியைத் திருப்புகிறது என்று சொல்லும் சார்பு) பையால் (π) வகுக்க மறந்திருக்கிறீர்கள். 0.318 என்றால் இரண்டு முறை வகுத்திருக்கிறீர்கள். பெரும்பாலும் ஒன்று மெட்டீரியலிலும் மற்றொன்று விளக்கின் கணக்கிலும் இருக்கும். சரியாக 2 வந்தால், சாய்ந்து விழும் ஒளியின் எடையைக் குறைக்கும் கோசைன் விட்டுப்போயிருக்கிறது. 0.667 என்றால் கோசைன் இருமுறை பெருக்கப்பட்டிருக்கிறது: மெட்டீரியலுக்குள் ஒன்று, அதை அழைக்கும் இடத்தில் ஒன்று. 1.33 வந்தால் திசைகளைக் கோசைன் எடையோடு தேர்ந்தெடுத்துவிட்டு, நிகழ்தகவு அடர்த்தியை (ஒரு திசை தேர்வாகும் வாய்ப்பின் அளவு; சாம்பிளை, அதாவது தற்செயலாக எடுத்த கதிரின் மதிப்பை, இதால்தான் வகுக்கிறோம்) மட்டும் சீரான அரைக்கோளத்துக்கு உரியதாகக் கொடுத்திருக்கிறீர்கள்.

இந்தக் கடைசிப் பிழை தலைகீழாகவும் நடக்கும், அது ஆபத்தானது. திசைகளைச் சீராகத் தேர்ந்தெடுத்து, அடர்த்தியைக் கோசைனுக்குக் கொடுத்தால் கோசைனும் பையும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஒவ்வொரு சாம்பிளும் 1 தரும். கோளம் அழகாக மறையும். சோதனையில் தேறிவிட்டது என்று நிம்மதியாகிவிடுவோம். உண்மையில் மேற்பரப்பில் சாய்ந்து விழும் ஒளிக்கு நேராக விழும் ஒளிக்குச் சமமான எடை போய்க்கொண்டிருக்கும்.

அதைப் பிடிக்க இரண்டாவது சோதனை வேண்டும். சூழலின் மேல்பாதியை 1 ஆக்குங்கள், கீழ்ப்பாதியைக் கருப்பாக்குங்கள். ஒரு தட்டையான பரப்பை 45 பாகை சாய்த்து வையுங்கள். சரியான விடை 0.854. கோசைன் எடை காணாமல் போயிருந்தால் 0.75 வரும். கவனியுங்கள்: பரப்பைப் படுக்கையாகவோ நேர்செங்குத்தாகவோ வைத்தால் இரண்டு வழியிலும் ஒரே விடைதான் வரும். சாய்த்து வைத்தால்தான் குட்டு வெளிப்படும்.

அறிகுறி: ரஃப்னஸைக் கூட்டினால் உலோகம் அழுக்கேறியதுபோல் கறுக்கிறது

எல்லாத் திசையிலும் முழுமையாகப் பிரதிபலிக்கும் உலோகத்தை உலையில் வையுங்கள். ரஃப்னஸ் 0.1-ல் கோளம் கிட்டத்தட்ட மறையும். 1-ஐ நெருங்க நெருங்கச் சாம்பலாகும். முதல்முறை பார்க்கும் எவரும் தன் நிரலில் தவறு என்றே நினைப்பார். தவறு கணித மாதிரியிலேயே இருக்கலாம்.

குக்-டோரன்ஸ் வகை மாதிரிகள் மேற்பரப்பை நுண்ணிய கண்ணாடித் துண்டுகளின் கூட்டமாகப் பார்க்கின்றன. ஒரு துண்டில் பட்டுத் திரும்பும் ஒளியை இன்னொரு துண்டு மறித்தால், மறைப்புக் கெழு அந்த ஒளியைக் கணக்கிலிருந்து நீக்கிவிடும். நிஜத்தில் அந்த ஒளி செத்துப்போவதில்லை. மறித்த துண்டில் பட்டு மறுபடி வெளியே வரும். சொரசொரப்பு கூடக் கூட இப்படி இரண்டு மூன்று முறை தெறிக்கும் பங்கு கூடும், மாதிரி விட்டுவிடும் ஒளியும் கூடும். 2007-ல் வெளிவந்து இன்று பரவலாகப் பயன்படும், துண்டுகளின் சாய்வைச் சொல்லும் ஜிஜிஎக்ஸ் பரவலிலும் இதே கதைதான்.

இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. துண்டுகளுக்கிடையே ஒளி தெறிப்பதை அப்படியே சிமுலேட் செய்வது ஒன்று. துல்லியமானது, நேரம் பிடிக்கும். ஒவ்வொரு ரஃப்னஸுக்கும் கோணத்துக்கும் எவ்வளவு ஒளி தொலைகிறது என்று முன்கூட்டியே கணித்து அட்டவணையில் வைத்து, அந்தப் பங்கை ஒரு பரவலான கூடுதல் பிரதிபலிப்பாகத் திருப்பிச் சேர்ப்பது மற்றொன்று. குல்லாவும் கான்டியும் 2017-ல் முன்வைத்த இந்த வழியையே பல ரெண்டரர்கள் பின்பற்றுகின்றன. நிறமுள்ள உலோகத்தில் திருப்பிச் சேர்க்கும் ஒளி முதல் தெறிப்பைவிட அடர்ந்த நிறம் கொள்ள வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு தெறிப்பிலும் நிறம் ஒருமுறை பெருக்கப்படுகிறது. சொரசொரப்பான தங்கம் பளபளக்கும் தங்கத்தைவிடச் செந்நிறம் கூடித் தெரிய இதுவும் ஒரு காரணம். திருத்தத்தை வெள்ளையாகச் சேர்த்தால் தங்கம் வெளிறும்.

ஆனால் மாதிரியைக் குறை சொல்வதற்கு முன், குறைந்த ரஃப்னஸிலும் கோளம் கறுக்கிறதா என்று பாருங்கள். கறுத்தால் அது உங்கள் நிரலின் பிழை. அரைத்திசையை (ஒளித்திசைக்கும் பார்வைத்திசைக்கும் நடுத்திசை) சாம்பிள் செய்துவிட்டு, அதன் அடர்த்தியை ஒளித்திசையின் அடர்த்தியாக மாற்றும்போது, பார்வைத்திசைக்கும் அரைத்திசைக்கும் இடையேயான கோசைனின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். அது விட்டுப்போகும் இடங்களை எத்தனையோ நிரல்களில் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: பொருளின் விளிம்பு மட்டும் ஒளிர்கிறது

உலைச் சோதனையில் கோளத்தின் நடு சரியாக இருந்து, ஓரம் பின்னணியைவிடப் பிரகாசமாக இருக்கிறதா? பொருள் வாங்கியதைவிட அதிகமாகக் கொடுக்கிறது. பிளாஸ்டிக், பெயின்ட், மெருகூட்டிய மரம் போன்ற மெட்டீரியல்களில் இது அதிகம். மேலே பளபளப்பு அடுக்கும் கீழே மேட் அடுக்கும் வைத்து, இரண்டையும் அப்படியே கூட்டியிருப்பீர்கள். மேல் அடுக்கு திருப்பி அனுப்பிய ஒளி கீழே போகவே இல்லை. ஆகவே மிச்சம் மட்டுமே கீழ் அடுக்குக்கு உரியது. சாய்ந்த கோணத்தில் ஃப்ரெனல் பிரதிபலிப்பு (கோணத்தோடு மாறும் பிரதிபலிப்பு) 1-ஐ நோக்கி ஏறுவதால், இந்த இரட்டைக் கணக்கு ஓரத்தில்தான் கண்ணில் படும்.

ஓரம் லேசாக அல்லாமல் வெடிப்பதுபோல் ஒளிர்ந்தால் வேறு காரணம். குக்-டோரன்ஸ் சூத்திரத்தின் கீழே இரண்டு கோசைன்களும் ஒரு நான்கும் இருக்கின்றன. பல நிரல்கள் அவற்றை மறைப்புக் கெழுவோடு சேர்த்தே சுருக்கி வைத்திருக்கும். வேறு இடத்திலிருந்து எடுத்த அப்படியொரு சுருக்கிய சூத்திரத்தைப் போட்டு, கீழேயும் வகுத்தால் வகுத்தல் இருமுறை நடக்கும். கோசைன் பூஜ்ஜியத்தை நெருங்கும் ஓரத்தில் அது எகிறும்.

அறிகுறி: எல்லாமே பிளாஸ்டிக்போல் இருக்கிறது, அல்லது உலோகம் உலோகமாக இல்லை

நேரெதிரே பார்க்கும்போது எவ்வளவு பிரதிபலிக்கிறது என்ற ஒற்றை எண்ணை முதலில் பாருங்கள். ஒளிவிலகல் எண் 1.5 உள்ள சாதாரணக் கண்ணாடிக்கும் பெரும்பாலான பிளாஸ்டிக்குக்கும் அது 0.04. தண்ணீருக்கு 0.02. வைரத்துக்கே 0.17தான். மின்கடத்தாப் பொருளில் 0.5 என்று போட்டிருந்தால் அப்படி ஒரு பொருள் நடைமுறையில் கிடையாது. அதன் பளபளப்புக்கு நிறமும் கிடையாது: சிவப்புப் பந்தின் மேல் தெரியும் விளக்கின் பிரதிபலிப்பு வெள்ளையாகவே இருக்கும். அது சிவப்பாகத் தெரிந்தால் அடிப்படை நிறத்தைப் பளபளப்பிலும் பெருக்கியிருக்கிறீர்கள்.

உலோகம் இதற்கு நேர் மாறு. அதற்கு மேட் அடுக்கே கிடையாது. உள்ளே புகும் ஒளியை அது விழுங்கிவிடும். நிறம் முழுவதும் பிரதிபலிப்பில்தான். தங்கத்துக்குச் சிவப்பு, பச்சை, நீலம் முறையே 1.00, 0.77, 0.34 அளவில் வரும். நேரியல் மதிப்புகள் இவை. நிறத்தேர்வுப் பெட்டியில் அப்படியே போட்டால், அந்தப் பெட்டி எஸ்ஆர்ஜிபி மதிப்பை (திரைக்காக வளைத்த, நேரியல் அல்லாத மதிப்பு) எதிர்பார்க்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்று: நுண்துண்டு மாதிரியில் ஃப்ரெனலுக்கு மேற்பரப்பின் நார்மலை, அதாவது பரப்புக்குச் செங்குத்தான திசையை, கொடுக்காமல் அரைத்திசையைக் கொடுக்க வேண்டும். ஒளியைப் பிரதிபலிப்பது அந்தச் சிறு துண்டு, கோணமும் அதோடுதான்.

அறிகுறி: ஒரே மெட்டீரியல் இரண்டு மென்பொருளில் இரண்டு விதமாகப் பளபளக்கிறது

டிஸ்னி 2012-ல் வெளியிட்ட மாதிரியைப் பின்பற்றுபவை ரஃப்னஸை வர்க்கமாக்கியே சூத்திரத்தில் போடுகின்றன, ஸ்லைடரில் 0.5 என்றால் உள்ளே 0.25. சில பழைய ஷேடர்கள் நேரடியாகப் போடும். ரஃப்னஸ் டெக்ஸ்ச்சரை நிறப்படமாகக் கருதி எஸ்ஆர்ஜிபி-யிலிருந்து மாற்றியிருந்தால் 0.5 என்பது 0.21 ஆகிவிடும், பொருள் தேவைக்கு மேல் வழவழக்கும். நிறத்தைச் சுமக்கும் படம் மட்டுமே மாற்றப்பட வேண்டும். ரஃப்னஸ், மெட்டாலிக், நார்மல் எல்லாம் எண்கள். அவற்றை உள்ளபடியே படிக்க வேண்டும்.

அறிகுறி: ஒளி ஏதோ கோணலாக விழுகிறது, மேடு பள்ளமாகத் தெரிகிறது

மேலே சொன்ன அதே தவறு நார்மல் மேப்பில் (பரப்பின் சாய்வை நிறங்களாகச் சேமித்த படம்) நடந்தால் விளைவு பெரிது. சமதளத்தைக் குறிக்கும் நிறம் 128, 128, 255. அதை எஸ்ஆர்ஜிபி என்று மாற்றினால் 128 என்பது 0.5 ஆக வராமல் 0.216 ஆக வரும். அதை -1 முதல் 1 வரை விரித்தால் பூஜ்ஜியம் இருக்க வேண்டிய இடத்தில் -0.57. மேற்பரப்பு முழுவதும் ஏறத்தாழ 39 பாகை ஒரு மூலைக்குச் சாய்ந்ததாக ரெண்டரர் நம்பும். மேப்பைக் கழற்றி ஒரு ரெண்டர், வெறும் 128, 128, 255 நிறம் போட்டு ஒரு ரெண்டர்; இரண்டும் ஒன்றுபோல் இருக்க வேண்டும்.

ஒளி சரியாக விழுந்தும் மேடு பள்ளமாக மாறினால் பச்சைச் சேனல் தலைகீழ். பிளெண்டரும் யூனிட்டியும் ஓபன்ஜிஎல் வழக்கத்தை எதிர்பார்க்கின்றன, அன்ரியல் டைரக்ட்எக்ஸ் வழக்கத்தை. பச்சையைத் திருப்பிப் போட்டால் முடிந்தது.

அறிகுறி: வெள்ளைப் புள்ளிகள்

இரண்டு வேறு நோய்களுக்கு ஒரே முகம். சாம்பிள் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். புள்ளி மங்கினால் அது இரைச்சல். எத்தனை சாம்பிளுக்குப் பிறகும் அங்கேயே இருந்தால், அல்லது டீநாய்ஸ் செய்த (இரைச்சலை நீக்கிய) பிறகு கட்டமாகப் பரவினால், அது எண்ணே அல்லாத மதிப்பு, அதாவது ‘நான்’ (NaN). சராசரியில் ஒருமுறை ‘நான்’ கலந்தால் அந்தப் பிக்சல் மீளாது. தனக்குத் தானே சமமில்லாத மதிப்பு வந்தால் அந்தப் பிக்சலைக் கரும் ஊதாவாகப் பூசும் ஒரு வரியைச் சேர்த்துத் தேடுங்கள். பெரும்பாலும் 1-லிருந்து கோசைனின் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுக்கும் இடம். வட்டப்பிழையால் உள்ளே எதிர்மறை எண் வந்திருக்கும். அடுத்தது ரஃப்னஸ் பூஜ்ஜியமான ஜிஜிஎக்ஸ். ‘நான்’ மதிப்பைப் பூஜ்ஜியமாக மாற்றி விட்டுவிடாதீர்கள். பிறக்கும் இடத்தில் திருத்துங்கள்.

மங்கும் புள்ளிகள் (மின்மினிகள் என்போம்) மிக அரிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு மிக அதிக ஒளி சுமந்து வரும் கதிர்கள். சாம்பிளைக் கூட்டித் தீர்ப்பது விலை அதிகம்: இரைச்சல் பாதியாக நான்கு மடங்கு சாம்பிள் வேண்டும். வழவழப்பான பரப்பில் பெரிய விளக்கு தெரியும்போது விளக்கை நோக்கிச் சாம்பிள் செய்வது மோசமாகும். சொரசொரப்பான பரப்பில் சிறிய விளக்கென்றால் பி.ஆர்.டி.எஃப் வழியே சாம்பிள் செய்வது மோசமாகும். 1995-ல் வீச்சும் கிபாஸும் இரண்டையும் எடைபோட்டுச் சேர்க்கும் முறையைக் கொடுத்தார்கள். அதை எழுதியவுடன் ஒரு சோதனை கட்டாயம்: விளக்கு வழி மட்டும், பி.ஆர்.டி.எஃப் வழி மட்டும், இரண்டும் சேர்த்து என்று மூன்று படங்கள். இரைச்சல் வேறுபடலாம், சராசரி வெளிச்சம் மூன்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்றாவது மட்டும் இரு மடங்கானால் எடை விட்டுப்போயிருக்கிறது. இந்தச் சோதனையை நான் எந்த மாற்றத்துக்குப் பிறகும் விடுவதில்லை.

மதிப்புக்கு மேல்வரம்பு வைத்து மின்மினிகளை வெட்டுவது இறுதிப் படத்துக்கு நியாயமான முடிவுதான். பிழை தேடும்போது மட்டும் அதை அணைத்து வையுங்கள். அது ஒளியைத் தின்கிறது. உலைச் சோதனை எண்கள் எதுவும் அப்புறம் பேசாது.

அறிகுறி: கருப்புப் புள்ளிகள், வரிகள், படிக்கட்டு நிழல்

கதிர் பட்ட புள்ளியிலிருந்து புறப்படும் நிழல் கதிர் அதே பரப்பிலேயே இடித்துக்கொள்கிறது. நார்மல் திசையில் சற்றுத் தள்ளிப் புறப்பட வைப்போம், ஆனால் அந்தச் சற்று எவ்வளவு? 32 பிட் ஃப்ளோட்டில் 10,000 அலகு தூரத்தில் அடுத்தடுத்த இரு எண்களுக்கு இடைவெளியே சுமார் 0.001. அங்கே 0.0001 தள்ளினால் புள்ளி நகரவே நகராது. தள்ளும் அளவு ஆயத்தொலைவோடு சேர்ந்து வளர வேண்டும். காட்சியை மையத்துக்கு நகர்த்தியதும் வரிகள் மறைந்தால் காரணம் இதுதான்.

நிழல் படிக்கட்டாக, ஒளிக்கும் இருளுக்கும் நடுவிலுள்ள எல்லையில் மட்டும் தெரிந்தால் வேறு: முகங்கள் குறைந்த மாடலில் மென்மையாக்கிய நார்மல் விளக்கைப் பார்க்கிறது, உண்மையான முக்கோணம் பார்க்கவில்லை. மாடலின் முகங்களைக் கூட்டுவதுதான் நேர்மையான தீர்வு.

அறிகுறி: மொத்தப் படமும் சற்று இருண்டிருக்கிறது

கதிர்களைப் பாதியில் நிறுத்தும் ரஷ்யன் ரூலெட்டை அணைத்துப் பாருங்கள். வெளிச்சம் கூடினால், பிழைத்த கதிர்களின் மதிப்பைப் பிழைக்கும் நிகழ்தகவால் வகுக்கவில்லை. உலைக் கோளம் இதைக் காட்டாது, அதில் கதிர் ஒருமுறைதான் தெறிக்கிறது. குழிவான பாத்திரம் ஒன்றை வையுங்கள்.

அறிகுறி: கண்ணாடி கருப்பாக இருக்கிறது

முதலில் தெறிப்பு வரம்பை எண்ணுங்கள். திடமான கண்ணாடிக் கோளத்தைக் கடக்க இரண்டு பரப்புகள் போதும். வெற்றுப் பாட்டிலைக் கடக்க நான்கு. உள்ளே நீர் இருந்து, பின்னால் இன்னொரு பாட்டிலும் இருந்தால் எட்டு வைத்தாலும் பத்தாது. வரம்பை 32 ஆக்கிப் பார்த்துக் கருப்பு போனால் அங்கேயே நிறுத்தலாம்.

போகவில்லை என்றால் உள்ளே, வெளியே என்ற தீர்மானத்தைப் பாருங்கள். கதிர் கண்ணாடிக்குள் நுழையும்போது ஒளிவிலகல் எண்ணின் விகிதம் ஒன்று, வெளியேறும்போது அதன் தலைகீழ். நார்மல் திரும்பியிருந்தால் திடக் கோளம் தண்ணீருக்குள் இருக்கும் காற்றுக்குமிழிபோல் தெரியும். திடக் கண்ணாடிக் கோளத்தின் வழியே பின்னால் உள்ள காட்சி தலைகீழாகத் தெரிய வேண்டும். நேராகத் தெரிந்தால் விகிதம் மாறிவிட்டது.

கண்ணாடிக்குள் கூர்மையான வெள்ளி வளையம் திடீரென்று தொடங்கினால் ஃப்ரெனலைச் சுருக்கமாகக் கணிக்கும் ஷ்லிக் தோராயத்தைப் பாருங்கள். கண்ணாடியிலிருந்து காற்றுக்கு வெளியேறும் கதிருக்கு 41.8 பாகையில் முழு அக எதிரொளிப்பு தொடங்கும். உண்மையான ஃப்ரெனல் அந்தக் கோணத்தை நெருங்கும்போதே வேகமாக 1-க்கு ஏறிவிடும். ஷ்லிக்குக்கு உட்பக்கக் கோணத்தின் கோசைனைக் கொடுத்தால் 41.8 வரை 0.04 அருகிலேயே நின்று, பிறகு ஒரே தாவலாக 1 ஆகும். அடர்ந்த ஊடகத்திலிருந்து வெளியேறும்போது விலகிய கதிரின் கோசைனைக் கொடுங்கள், தாவல் போய்விடும்.

நிறக் கண்ணாடியின் மெல்லிய பகுதியும் தடித்த பகுதியும் ஒரே நிறத்தில் இருந்தால், நிறத்தைப் பரப்பில் பெருக்கியிருக்கிறீர்கள். கதிர் உள்ளே கடந்த தூரத்தோடு நிறம் அடுக்குக்குறியாகக் குறைய வேண்டும். இங்கே காட்சியின் அலகு முக்கியம். சென்டிமீட்டருக்கு அளந்த உறிஞ்சல் எண்ணை மீட்டர் காட்சியில் போட்டால் நூறு மடங்கு தவறும். தோல் மெழுகாகத் தெரிவதும் பளிங்கு சுண்ணாம்பாகத் தெரிவதும் பல நேரம் இதே அலகுப் பிழையால்தான்.

கண்ணாடி நன்றாக இருந்து அதன் நிழல் மட்டும் கன்னங்கரேலென்று விழுந்தால், விளக்கை நோக்கிச் செல்லும் நேர்கதிர் கண்ணாடியில் பட்டதும் அடைபட்டதாக எண்ணப்படுகிறது. அது தவறில்லை, ஒளி அங்கே வளைந்துதான் வரும், நேர்கோட்டில் வராது. அந்த வளைந்த பாதையைக் கேமராவிலிருந்து கிளம்பும் கதிர் தற்செயலாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும். விளக்கு ஒரு புள்ளியாக இருந்தால் எத்தனை கோடிக் கதிர் விட்டாலும் கண்டுபிடிக்காது, ஏனென்றால் புள்ளிக்குப் பரப்பளவே இல்லை. விளக்குக்குப் பரப்பளவு கொடுங்கள். அப்போது மின்மினிகளோடு காஸ்டிக்ஸ் (கண்ணாடி குவித்த ஒளித்திட்டுகள்) தெரியத் தொடங்கும். தெளிவாகவே வேண்டுமென்றால் விளக்கின் பக்கமிருந்தும் பாதை போட வேண்டும்: ஃபோட்டான் மேப்பிங் அல்லது இருதிசைப் பாத் டிரேசிங். காட்சியில் இருப்பது வெறும் ஜன்னல் கண்ணாடி என்றால் இவ்வளவும் வேண்டாம். தடிமனில்லாத கண்ணாடி என்று குறித்து, நிழல் கதிரை ஃப்ரெனல் அளவு குறைத்து நேராகவே உள்ளே விடுங்கள்.